கிளிப் 1, என் கையால்

பதினான்கு மாத வண்டி.
வாரண்டி இன்னும் இருபத்திரண்டு மாதம்,
தவணை நாற்பத்தாறு.

செங்கப்பள்ளிப் பக்கம் ரோடு விரிகிற இடத்தில்
லாரியைத் தாண்டக் காலை அழுத்தினால்
ஒரு மூச்சு யோசிக்கிறது எஞ்சின்,
கைமாற்று கேட்டால் மச்சினன் யோசிப்பதுபோல.
அந்த ஒரு மூச்சை எடுத்துவிட வேண்டும்.
வாரண்டியும் போகக் கூடாது.

சித்தாபுதூரில் ஒருவர் லேப்டாப்பைத் திறந்தபடியே பேசினார்.
"இருபது குதிரை ஏத்தித் தர்றனுங்க்கா.
சர்வீஸுக்கு முந்தின நாள் கொண்டாங்க,
பழையபடி மாத்தி உட்டர்றேன்.
கம்பெனிக்காரன் அப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்."
காபி நன்றாக இருந்தது.
குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

ஈரோட்டில் கண்ணாடிக் கடை, ஏசி,
சுவரெல்லாம் சைலன்சர்.
"வாரண்டியா? அது வெறும் பேப்பருங்க்கா."
என் தவணையும் பேப்பர்தான்.
மாதம் ஐந்தாம் தேதி வாய் திறந்து பேசும்.

மூன்றாவது இடத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை.
கணபதியில், ஃபவுண்டரிக்குப் பின்சந்து.
திருமூர்த்தி பானெட்டைத் திறக்கவில்லை,
வாரண்டிப் புத்தகத்தைக் கேட்டார்.
மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துப் போட்டு
பொடியெழுத்தையெல்லாம் விரல் வைத்துப் படித்தார்,
உயில் படிப்பவர் மாதிரி.
இருபது நிமிடம், வார்ப்பு மணல் வாசத்தில்.

பிறகு என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.
ரோட்டைப் பார்க்கவேயில்லை.
என் காலையும் கியர் மேலிருந்த கையையும்
மாறி மாறிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல கை வெக்கறதுக்கு நானில்லீங்க.
சைலன்சரும் தொட மாட்டேன்.
டயரு மாத்தலாம். பிரேக் பேடு,
கம்பெனிக்காரனே விக்கறதுல ஒரு படி மேல.
ஃபில்டரு அடைச்சுக் கெடக்குது, அவுங்களுதே புதுசு போட்டுக்கலாம்."

"அந்த யோசனை?"

"எஞ்சின் யோசிக்கலீங்க.
நீங்க நாலுலயே அழுத்தறீங்க.
மூணுக்கு எறக்கி அழுத்திப் பாருங்க.
அதுக்குக் காசில்லீங்க."

கோபம் வந்தது.
பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன்.

சாயங்காலம் பில், கார்பன் வைத்து எழுதியது.
டயர் நான்கு. பேடு ஒரு செட். ஃபில்டர்.
ஒவ்வொன்றுக்கும் பார்ட் நம்பர், கிலோமீட்டர், தேதி.
கடைசியில் ஒரு வரி:
கிளிப் 1, என் கையால் உடைந்தது. விலை இல்லை.

நகக்கண் அளவு கறுப்புப் பிளாஸ்டிக்.
நான் ஜென்மத்துக்கும் பார்த்திருக்க மாட்டேன்.

திருப்பூரில் செக்கிங் டேபிள் என் பொறுப்பு.
டியூப்லைட்டுக்கு அடியில் இருபத்தாறு பேர்
பனியனைத் திருப்பித் திருப்பி ஓட்டை தேடுவார்கள்.
கிடைத்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவார்கள்.
தைத்தவளே ஒட்டி அனுப்பிய அம்பு
இத்தனை வருடத்தில் இரண்டு முறைதான் வந்தது.
இரண்டும் ஓவர்லாக் தெய்வாத்தாள் ஒட்டியவை.
இரண்டு முறையும் உற்பத்தி குறைந்ததென்று
அவளைத்தான் திட்டினேன்.
அந்தச் சந்தில் பில்லோடு நிற்கையில் அது ஞாபகம் வந்தது.
வராமல் இருந்திருக்கலாம்.

பழைய ஃபில்டர், பழைய பேடு,
உடைந்த கிளிப்பின் இரண்டு துண்டு
எல்லாம் ஒரு கவரில் கட்டி டிக்கியில் வைத்தார்.
"புதுக் கிளிப்பு வியாழக்கெழம வந்துருமுங்க.
அதுவரைக்கும் கம்பி போட்டுக் கட்டீருக்கறேன்.
டிக்கு டிக்குனு கேக்கும். பயந்துக்காதீங்க."

திரும்ப வேண்டிய பிரிவில் திரும்பாமல்
செங்கப்பள்ளி வரைக்கும் போனேன்.
மூன்றுக்கு இறக்கி அழுத்தினேன்.
லாரி பின்னால் போனது.
யோசனை இருக்கத்தான் செய்தது, அரை மூச்சு.
பிரேக்கில் கால் வைத்தேன்.
வண்டி, சொன்ன இடத்தில் நின்றது.

புதன்கிழமை, டிக் டிக்கென்று வேலைக்குப் போய்
தெய்வாத்தாள் மிஷின் பக்கத்தில் நின்றேன்.
ஷிப்டுக்கு எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டேன்.
"எதுக்குங்க்கா?" என்றாள்,
துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.